சிங்கம் பார்த்தீர்களா என்று கேட்பவர்களுக்கு

ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பி நான்கு மாதம் ஆகிவிட்டது. இன்னும் களமருதூர் கடைத்தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "சிங்கம் பாத்தீங்களா சார்?"

பார்த்தேன். எண்ணி வைத்திருக்கிறேன், பதினொன்று. அதில் எட்டு தூங்கிக்கொண்டிருந்தன. ஒன்று எழுந்து வந்து எங்கள் வண்டி நிழலில் படுத்து மறுபடியும் தூங்கியது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் சாய்கிற நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் அதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. இதைச் சொன்னால் கேட்டவர் முகம் வாடிவிடுகிறது. அதனால் இப்போதெல்லாம் "பாத்தேன், கர்ஜனைகூடக் கேட்டேன்" என்று முடித்துக்கொள்கிறேன். கர்ஜனை கேட்டதும் உண்மைதான். அதைப் பிறகு சொல்கிறேன்.

போன வாரம் டீக்கடையில் ஒரு நண்பர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். "நம்ம கல்வராயன் மலைக்கு மட்டும் என்னா கொறச்சல்? ரெண்டு ஜீப்பு விட்டு, நாலு கூடாரம் அடிச்சு, ஆளுக்கு ரெண்டாயிரம் வாங்கினா மாவட்டமே பொழைச்சுக்குமே. கவர்ன்மென்ட்டுக்கு ஏன் இது தோண மாட்டேங்குது?" சுற்றி உட்கார்ந்திருந்த நாலைந்து பேரும் ஆமாம் போட்டார்கள்.

டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அதனால் இங்கே எழுதுகிறேன். ஜீப் வேண்டாம் என்பது என் கட்சி. கூடாரம் வேண்டும். ஆனால் அந்தக் கூடாரம் யாருடையது என்பதை முதலில் தீர்மானித்துவிட்டு அடிக்க வேண்டும்.

முதலில் போன கதை. மருமகனுக்கு நைரோபியில் வேலை. "மாமா, விமானத்துல போய் ரெண்டு நாள் ஓட்டல்ல தங்கிட்டு வர்றதெல்லாம் சுற்றுலா இல்ல, லாரியிலேயே போவோம்" என்றார். லாரி என்று அவர் சொன்னது வேடிக்கைக்கு இல்லை. பெரிய லாரியின் முதுகில் பஸ் மாதிரி இருக்கை போட்டு, ஜன்னல் வைத்து, வயிற்றுப் பக்கம் முழுக்கக் கதவு கதவாக அறைகள் செய்திருக்கிறார்கள். ஒன்றில் கூடாரங்கள், ஒன்றில் அடுப்பு, ஒன்றில் பாத்திரம், ஒன்றில் தண்ணீர்த் தொட்டி. இருபது பேர். கென்யா, டான்சானியா, மலாவி, சாம்பியா, கடைசியில் இரண்டு நாள் போட்ஸ்வானா. மூன்று வாரம் தரைவழியாக. சாயங்காலம் வண்டி நிற்கிற இடத்தில் அவரவர் கூடாரத்தை அவரவர் அடிக்க வேண்டும். காலை ஐந்து மணிக்கு அதைப் பிரித்துச் சுருட்ட வேண்டும். காய் நறுக்க, பாத்திரம் கழுவ, வண்டி கூட்ட என்று முறை போட்டு ஒரு தாளில் எழுதி ஒட்டியிருந்தார்கள். வயசானவன் என்று எனக்குச் சலுகை கிடையாது. கழுவிய தட்டைத் துணியால் துடைக்கக் கூடாது, ஒரே துணியில் இருபது பேர் தட்டைத் துடைத்தால் வயிற்றுப்போக்கு பரவும் என்று, எல்லாரும் தட்டைக் கையில் பிடித்துக் காற்றில் விசிறி உலர்த்துவோம். ஜெர்மனிக்காரர், ஆஸ்திரேலியாக்காரர், கொரியாப் பெண் ஒருத்தி, களமருதூர்க்காரன் நான், வரிசையாக நின்று தட்டு விசிறுகிற காட்சியை என் மனைவி பார்த்திருந்தால் நாற்பது வருடக் கணக்கை அன்றே தீர்த்திருப்பாள்.

நம் வயதுக்காரர்களுக்காக ஒரு குறிப்பு. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். பயணத்துக்குப் பத்து நாள் முன்னாலேயே போட்டுவிட வேண்டும். சான்றிதழ் இல்லாமல் கென்யாவிலிருந்து திரும்பினால் இங்கே இறங்கியதும் ஆறு நாள் வரை தனியே பிடித்து வைத்துவிடலாம். அறுபது தாண்டியவர்களுக்கு அந்த ஊசியில் ஆபத்து சற்றுக் கூடுதல் என்பதால் மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள். மலேரியா மாத்திரையும் உண்டு. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை இரண்டு பையில் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பை தொலைந்தாலும் மற்றது இருக்கும்.

சாப்பாட்டுக்குப் பயந்துகொண்டு போனேன். பயப்பட ஒன்றுமில்லை. கென்யாவிலும் டான்சானியாவிலும் உகாலி என்கிறார்கள், மலாவி போனால் ந்சிமா. வெள்ளை மக்காச்சோள மாவைக் கொதிநீரில் கொட்டித் துடுப்புப் போட்டுக் கிளறுகிறார்கள். களிதான் அது! கையால் உருட்டி, கட்டைவிரலால் குழி செய்து, கீரைக் குழம்பில் தொட்டு விழுங்குகிறார்கள். கேழ்வரகுக் களி தின்று வளர்ந்தவனுக்கு இதைக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. நம் பக்கத்தில் மக்காச்சோளம் மூட்டை மூட்டையாக விளைந்து கோழித் தீவனத்துக்குப் போகிறது. அங்கே அதை மனிதர்கள் தின்று வாழ்கிறார்கள். சப்பாத்தியும் சாயாவும் கேட்காமலே கிடைக்கும். 1896-இல் தொடங்கி மொம்பாசாவிலிருந்து ரயில் பாதை போட இந்தியாவிலிருந்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கூலிகளைக் கொண்டுபோனார்கள், பெரும்பாலும் பஞ்சாபிகள். அவர்களும் பின்னால் போன குஜராத்திக் கடைக்காரர்களும் விட்டுவந்த சொற்கள் சுவாஹிலி மொழியில் இன்றும் கிடக்கின்றன. கடைக்கு 'டுக்கா', வண்டிக்கு 'காரி'. 'சஃபாரி' என்பதே அரபியில் பயணத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறினாலும் அவர்கள் கணக்கில் அது சஃபாரிதான்.

இப்போது அந்தக் கர்ஜனை. செரெங்கெட்டியில் இரண்டு இரவு தங்கினோம். பதினாலாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்த காடு. காடு என்று பழக்கத்தில் சொல்கிறேன். கண்ணுக்கு எட்டிய மட்டும் புல், நடுநடுவே குடை மாதிரி வேல மரம். கூடாரம் அடித்த இடத்தைச் சுற்றி வேலியே இல்லை. ஆனால் சமையல் கூடத்துக்கும் சாப்பிடுகிற கொட்டகைக்கும் சுற்றிலும் கம்பி அடித்திருந்தார்கள். மிருகக்காட்சி சாலையைத் திருப்பிப் போட்ட மாதிரி. கம்பிக்குள்ளே நாங்கள் உட்கார்ந்து சாப்பிட, கழுதைப்புலிகள் வெளியே நின்று பார்த்தன. இருட்டியபின் கூடாரத்தைவிட்டு வெளியே வரக்கூடாது என்று உத்தரவு. அறுபத்தேழு வயது ஆண்பிள்ளைக்கு ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்க வேண்டியிருக்கும் என்று அந்த உத்தரவு போட்டவருக்குத் தெரியாது. மூன்று மணி இருக்கும். வயிற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு சத்தம், தரையே அதிர்கிற மாதிரி. மருமகன் என் கையைப் பிடித்துக்கொண்டார், நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். விடியும்வரை இருவரும் பேசவில்லை.

விக்டோரியா அருவியையும் சொல்லிவிடுகிறேன். ஒன்றே முக்கால் கிலோமீட்டர் அகலத்துக்குக் கொஞ்சம் குறைவு. நூறு மீட்டருக்கு மேல் ஆழம். எதிரே நின்றால் மழையில் நனைகிற மாதிரி நனைகிறோம். அந்த ஊர்க்காரர்கள் 'இடிக்கும் புகை' என்று பெயர் வைத்திருந்தார்கள். 1855-இல் லிவிங்ஸ்டன் வந்து தன் ராணியின் பெயரை வைத்தார்.

நான் சொல்ல வந்தது இதெல்லாம் இல்லை.

ஊர் திரும்பியபின் சிங்கத்தைப் பற்றிக் கேட்காத ஆள் ஒரே ஒருவர். கல்வராயன் மலையில், கரியாலூர் தாண்டி ஒரு சிற்றூரில் இருக்கிறார். 1980-களின் நடுவில் நாங்கள் ஏழெட்டுப் பேர் அலுவலக நண்பர்களாகச் சேர்ந்து மேகம் அருவிக்குப் போனபோது வழிகாட்டி வந்தவர். அன்று முதல் பழக்கம். மழை விட்ட காலையில் எங்கள் மொட்டை மாடியில் நின்று மேற்கே பார்த்தால் நீலக்கோடாக மலை தெரியும். அப்போதெல்லாம் அவர் நினைவு வரும். இந்த முறை அவர் மகன் மூலமாகப் போனில் பேசினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஒரே கேள்வி கேட்டார். "அந்தக் காட்டுல ஏற்கெனவே இருந்த சனங்க என்ன ஆனாங்க சாமி?"

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. லாரியில் எங்களோடு வந்த வழிகாட்டி போகிற போக்கில் சொன்னதை, திரும்பி வந்தபின் தேடிப் படித்துச் சேர்த்துத்தான் அவருக்குச் சொன்னேன். அதை உங்களுக்கும் சொல்கிறேன்.

செரெங்கெட்டியில் மாடு மேய்த்துக்கொண்டு மசாய் மக்கள் இருந்தார்கள். 1959-இல் அவர்களை அங்கிருந்து எடுத்துப் பக்கத்து ங்கொரோங்கொரோ பகுதிக்கு அனுப்பினார்கள். "இங்கே நீங்கள் மாடு மேய்த்துக்கொண்டு இருக்கலாம்" என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். இன்று அங்கிருந்தும் கிளப்பிக்கொண்டிருக்கிறார்கள். 2022 முதல், பல நூறு கிலோமீட்டர் தள்ளி வேறொரு மாவட்டத்தில் வீடு கட்டிக்கொடுத்துப் போகச் சொல்கிறார்கள். அதே ஆண்டு ஜூன் மாதம் பக்கத்தில் லொலியொண்டோவில் 1,500 சதுர கிலோமீட்டர் நிலத்துக்கு எல்லைக்கல் நட வந்த போலீசுக்கும் மசாய்களுக்கும் மோதலே நடந்தது. நான் கம்பிக் கொட்டகையில் உட்கார்ந்து உகாலி தின்ற இடத்தின் கதை இது. அந்தப் புல்வெளி யாரும் தொடாமல் கடவுள் படைத்தபடியே இருக்கிறது என்று எங்களோடு வந்த ஜெர்மனிக்காரர் கண் கலங்கினார். நானும் தலையாட்டினேன்.

எல்லை தாண்டிக் கென்யாவில் மசாய் மாராவில் கதை கொஞ்சம் வேறு. அரசாங்கக் காட்டை மாவட்ட நிர்வாகம் நடத்துகிறது. ஜூலை முதல் டிசம்பர் வரை வெளிநாட்டுக்காரருக்கு ஒரு நாளைக்கு 200 டாலர் கட்டணம். நம் கணக்கில் பதினேழாயிரம் ரூபாய்க்கு மேல். ஆகஸ்டில் லட்சக்கணக்கில் வில்டபீஸ்ட் என்கிற மாடு, மாட்டு முகமும் குதிரை உடம்புமாக, ஆற்றைக் கடக்கிறது. கரையில் வண்டிகள் நெருக்கியடித்து நின்றன. திருவிழாத் தேர் நிலைக்கு வருகிற நேரத்துக் கூட்டம். பாவம், ஆற்றில் இறங்க வந்த மாடு வண்டிகளைப் பார்த்துத் திரும்பிப் போயிற்று. அதற்கு வெளியே, மசாய் குடும்பங்கள் தங்கள் பட்டா நிலத்தைச் சேர்த்து வைத்து, முகாம் நடத்துகிறவர்களுக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள். கடந்த இருபது வருடத்துக்குள் வளர்ந்த ஏற்பாடு. மாதாமாதம் குத்தகைப் பணம் குடும்பத்துக்கு வருகிறது. ஒரு மிருகத்தைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது என்கிற மாதிரி கட்டுப்பாடு இருக்கிறது. மாட்டையும் முறை வைத்து மேய்த்துக்கொள்கிறார்கள். குறை இல்லாமல் இல்லை. குத்தகைத் தொகை போதவில்லை, நிலம் இல்லாதவனுக்கு ஒன்றும் இல்லை என்ற பேச்சு அங்கேயும் உண்டு. ஆனாலும் நிலம் அவன் பெயரில் இருக்கிறது, அதனால் அவனிடம் வந்து பேச வேண்டியிருக்கிறது.

"குடுக்கவும் குடுத்தாங்க, தொரத்தவும் தொரத்தினாங்க" என்றேன் மலை நண்பரிடம். "நம்மூர்ல எது நடக்கும் சாமி?" என்றார்.

நம்மூரிலும் நடந்திருக்கிறது. 2022 செப்டம்பர் 17 அன்று நமீபியாவிலிருந்து எட்டுச் சிவிங்கிப் புலிகள் மத்தியப் பிரதேசத்துக் குனோவுக்கு வந்ததை எல்லாரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். அந்தக் குனோவிலிருந்து, குஜராத் சிங்கத்தைக் கொண்டுவந்து விடப்போகிறோம் என்று சொல்லி, இருபது வருடங்களுக்கு முன்பே 24 கிராமங்களை வெளியேற்றினார்கள். பெரும்பாலும் சஹாரியா பழங்குடி மக்கள். சிங்கம் வரவே இல்லை. வராத சிங்கத்துக்காக ஊரைக் காலி செய்தவர்களை எந்தத் தொலைக்காட்சி காட்டியது?

இப்போது கல்வராயன் மலை. சுமார் 1,095 சதுர கிலோமீட்டர், இரண்டாயிரம் அடியிலிருந்து மூவாயிரம், சில இடங்களில் அதற்கும் மேல். கச்சிராயபாளையம் வழியாக ஏறினால் கோமுகி அணையைத் தாண்டி மலைப்பாதை. நாட்டுக்குச் சுதந்திரம் வந்த பிறகும் 1976 வரை அந்த மலை ஜாகிர்தாரர்களிடம்தான் இருந்தது. மலையாளிப் பழங்குடி மக்கள் அவர்களுக்கு வெட்டி வேலை செய்துகொண்டிருந்தார்கள். பெயரைப் பார்த்துக் கேரளத்துக்காரர் என்று நினைக்காதீர்கள், மலையை ஆள்கிறவர் என்ற பொருளில் மலையாளி. காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகளின் வழி என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள். சாமை, தினை, மரவள்ளி, கடுக்காய், புளி, தேன். வருடத்தில் பாதி மாதத்துக்குத்தான் இதில் வயிறு நிறையும். மீதி மாதத்துக்கு வெளியூர்க் கூலி. காபித் தோட்டம், கட்டட வேலை. அதுவும் இல்லாதபோது இரண்டு வழி. ஒன்று ஆந்திரக் காட்டுக்குச் செம்மரம் வெட்டப் போவது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட இருபது பேரும் நம் தமிழ்நாட்டுக்காரர்கள், பெரும்பாலோர் இந்தக் கிழக்கு மலைப் பக்கத்துக் கூலிகள். மற்றொரு வழி ஊறல் போட்டுச் சாராயம் காய்ச்சுவது.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் என்ன நடந்தது என்பதை நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அறுபதுக்கும் மேற்பட்டோர். நான் அந்த வாரம் மருத்துவமனை வாசலில் நின்றேன், அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அந்த உயிர்களைக் குடித்தது மெத்தனால், தொழிற்சாலைச் சரக்கு. மலையில் பட்டை ஊறப் போட்டுக் காய்ச்சியதில்லை. ஆனால் மறுவாரமே போலீஸ் மலை ஏறிற்று. பேரல் பேரலாக ஊறலைக் கொட்டினார்கள். சட்டப்படி செய்ததுதான், தவறு என்று சொல்ல மாட்டேன். என் நண்பரின் இரண்டாவது மகன் அதில் மாட்டி உள்ளே போய் வந்தான். காய்ச்சியது உண்மை. "காய்ச்சாதேன்னு சொல்றாங்க சாமி, சரி. வேற என்ன செய்யட்டும்னு மட்டும் யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க" என்றார். அந்த ஆண்டு ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து, கல்வராயன் மலை மக்களுக்குச் சாலை, பள்ளி, மருத்துவம், வாழ்வாதாரம் என்ன செய்திருக்கிறீர்கள் என்று அரசைக் கேட்டது. கேள்வி இன்னும் மலையில்தான் நிற்கிறது.

மின்வாரிய நண்பர் கேட்ட ஜீப் கேள்வியை இந்த இடத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஜீப் ஏன் வேண்டாம்? முதல் காரணம், அதனால் ஒன்றும் தெரியாது. செரெங்கெட்டி திறந்த புல்வெளி. ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்கிற சிறுத்தையைக் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். நம் மலை புதர்க்காடு, மூங்கில், சரிவு. கரடி உண்டு, மான் உண்டு, காட்டுப்பன்றி, முள்ளம்பன்றி உண்டு. ஜீப் சத்தம் கேட்ட மாத்திரத்தில் இவை ஒன்றும் இருக்காது. இரண்டாயிரம் ரூபாய் கொடுத்தவனுக்கு ஒரு மயிலும் நாலு குரங்கும் கிடைக்கும், குரங்கு வெள்ளிமலை பஸ் நிறுத்தத்திலேயே இலவசம். நம் காட்டை நடந்துதான் பார்க்க வேண்டும். மா. கிருஷ்ணன் 1950-லிருந்து 1996-இல் இறக்கும்வரை ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் இயற்கையைப் பற்றி எழுதிவந்தாரே, பொறுமையாக நடந்து, உட்கார்ந்து, காத்திருந்து பார்த்தவர் அவர். கரடி நகம் கீறிய மரத்தையும், புற்றைத் தோண்டிய குழியையும், காலடி எத்தனை மணி நேரத்துப் பழசு என்பதையும் காட்ட மலைக்காரர் ஒருவர் கூட வேண்டும். அது வேலை. அதற்குக் கூலி உண்டு. ஜீப்புக்கு வேண்டியது டிரைவரும் முதலாளியும். முதலாளி மலையிலிருந்து வரமாட்டார்.

இரண்டாவது காரணம் அந்த முதலாளிதான்.

இதற்கு நான் ஆப்பிரிக்கா வரை போயிருக்க வேண்டியதில்லை, தேக்கடியிலேயே இருக்கிறது. தேக்கடிக் காட்டில் வயணப் பட்டை என்று ஒன்று, காட்டு லவங்கம். திருட்டுத்தனமாக அதை உரித்து விற்றுப் பிழைத்த ஆட்கள் இருந்தார்கள். வேட்டையும் உண்டு, எத்தனையோ வழக்கு. 1990-களின் பிற்பகுதியில் வனத்துறை அவர்களைக் கூப்பிட்டுப் பேசிற்று. வழக்கைப் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் காட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஏற்பாடு. பட்டை உரித்தவர்களே குழுவாகி, பயணிகளைக் காட்டுக்குள் அழைத்துப்போகவும் ரோந்து சுற்றவும் ஆரம்பித்தார்கள். மூங்கில் தெப்பத்தில் என்னை ஏற்றிப் போனவர் அப்படிப்பட்டவர்தான். பதினைந்து வருடத்துக்கு முன், குடும்பத்தோடு போயிருந்தேன். "முன்னாடி நான் வாரப்போ ஃபாரஸ்ட்டுக்காரர் ஒளிஞ்சு நிப்பாரு, இப்போ நாங்க ஒளிஞ்சு நிக்கறோம்" என்று சிரித்தார். எந்தப் புதரில் திருடன் ஒளிவான் என்பது முன்னாள் திருடனுக்குத்தானே தெரியும். கல்வராயன் மலையில் எந்த ஓடையில் தண்ணீர் வற்றாது, எந்தத் தடத்தில் ஆள் நடமாட்டம் இருக்காது என்பதை ஊறல் போட்டவனைவிட யார் அறிவார்?

நம் வனத்துறையும் சும்மா இல்லை. 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறப் போன இளம் பிள்ளைகள் இருபது பேருக்கு மேல் கருகிப் போன பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024-இல் மாநிலம் முழுக்க நாற்பது பாதைகளைத் திறந்து, முன்பதிவு வைத்து, அந்தந்த ஊர்ப் பழங்குடி இளைஞர்களையே வழிகாட்டிகளாகப் பழக்கியிருக்கிறார்கள். இது சரியான திசை. கல்வராயன் மலைக்கு வேண்டியது இதன் அடுத்த படி. கூடாரமும் அடுப்பும் படுக்கையும் கிராமத்துக் குழுவின் சொத்தாக இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கிராம சபை சொல்ல வேண்டும். 2006 வன உரிமைச் சட்டம் கிராம சபைக்குக் காட்டின்மேல் உரிமையும் பொறுப்பும் கொடுத்திருக்கிறது. பட்டா கேட்டு மனு கொடுத்தவனுக்கு அந்தத் தாளை முதலில் கையில் கொடுத்துவிட்டுக் கூடாரத்தைப் பேசலாம். மசாய் மாராவில் குத்தகை வாங்குகிறவனுக்கும் ங்கொரோங்கொரோவில் மூட்டை கட்டுகிறவனுக்கும் நடுவே இருக்கிற வித்தியாசம் அந்தத் தாள்தான்.

"மலைக்காரங்களுக்கு ஓட்டல் நடத்தத் தெரியுமா சார்?" என்று கேட்பார்கள். டீக்கடையிலும் ஒருவர் முணுமுணுத்தார். எங்கள் லாரியில் சமைத்தவர் மலாவி கிராமத்துக்காரர். இருபது பேருக்கு, காற்றிலும் மழையிலும், மூன்று வாரம், ஒரு வேளை தவறவில்லை. அவரும் பிறக்கும்போதே கற்றுக்கொண்டு வரவில்லை. சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போடத் தெரிந்தவர்களுக்கு மற்றதைச் சொல்லிக்கொடுக்க ஆறு மாதம் போதும். இன்னொரு கேள்வியில் நியாயம் இருக்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். பணம் வர ஆரம்பித்ததும் குழுவின் பெயரில் கீழ்நாட்டுக்காரர் ஒருவர் உள்ளே புகுந்து நடத்துவார். நடக்கக்கூடியதுதான். கூட்டுறவுச் சங்கங்களில் நாம் பார்க்காததா? அதற்காகச் சங்கமே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லையே. கணக்கை வருடத்துக்கு இரண்டு முறை ஊர் நடுவில் உரக்கப் படிக்கட்டும்.

குப்பை விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பானவன் ஆகிவிட்டேன். கென்யா 2017-இலும் டான்சானியா 2019-இலும் பிளாஸ்டிக் பையைத் தடை செய்தன. நாமும் 2019 ஜனவரி முதல் தேதியிலேயே தடை செய்தோம். வித்தியாசம், டான்சானியாவுக்குள் நுழையும்போதே என் பையைத் திறந்து, மனைவி முறுக்கு கட்டிக் கொடுத்த பிளாஸ்டிக் பையை வாங்கிக்கொண்டு, முறுக்கை மட்டும் கையில் கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் காட்டுக்குள் ஒரு பாட்டில் கிடந்து நான் பார்க்கவில்லை. நீலகிரியில் மதுப் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலிப் பாட்டிலைத் திருப்பினால் திருப்பித் தருகிறார்கள், அதுவும் உயர் நீதிமன்றம் சொல்லித்தான். அந்தப் பத்து ரூபாய்க்குப் பலன் இருக்கிறது. கச்சிராயபாளையம் பாதையில் ஏறுமுன் ஒரு சோதனைச் சாவடியில் பாட்டிலை எண்ணி எழுதி, இறங்கும்போது எண்ணிப் பார்த்தால் போதும். அந்த வேலைக்கும் மலைப் பிள்ளைகள் இரண்டு பேரை வைக்கலாம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. முதல் தடவை மேகம் அருவிக்குப் போனோம் என்றேனே, அன்று நாங்கள் குடித்தோம். காலிப் பாட்டில்களைப் பாறைமேல் வரிசையாக வைத்து யார் குறி தப்பாமல் கல்லெறிந்து உடைக்கிறார் என்று போட்டி. நானும் இரண்டு உடைத்தேன். வழிகாட்டி வந்த நண்பர், அப்போது அவருக்கு இருபது வயது இருக்கும், "வேணாம் சாமி, மாடு கால வெட்டிக்கும்" என்றார். சிரித்தோம். திரும்பும்போது அவரைக் காணவில்லை. பார்த்தால், துண்டை விரித்துப் போட்டுக் கண்ணாடிச் சில்லைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். யாரும் இறங்கி உதவவில்லை. அரை மணி நேரம் பாறைமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஆளுக்கு ஒரு ரூபாய் சேர்த்து அவர் கையில் கொடுத்தோம், வழிகாட்டியதற்கு.

செரெங்கெட்டியில் தட்டு விசிறும்போதெல்லாம் அந்தத் துண்டு ஞாபகம் வந்தது.

பொங்கல் கழிந்த மறு வாரம், காடு காய்ந்து தீப் பருவம் தொடங்குமுன், மலைக்குப் போகிறேன். காட்டுக்குள் இல்லை, நண்பரின் பட்டா நிலத்தில், அவர் வீட்டுக் களத்தில் இரண்டு கூடாரம். உள்ளே போய் வந்தானே அந்த மகன், அவன்தான் சமையல், ஆளுக்கு எவ்வளவு என்று அவனே சொல்லிவிட்டான், பேரம் கிடையாது. மின்வாரிய நண்பர் வருகிறேன் என்றிருக்கிறார். இன்னும் நாலு பேருக்கு இடம் இருக்கிறது. எவர்சில்வர் தட்டு ஆளுக்கு ஒன்று, தண்ணீருக்குச் சொம்பு, போர்வை. பாட்டில் கூடாது, எந்தப் பாட்டிலும். பாத்திரம் கழுவ முறை போட்டு எழுதி வைத்திருக்கிறேன். முதல் நாள் நான்.